பறிக்காமல் விட்ட கோடை

பிரவீனா தக்காளி நட்டால், டீ ஆறுவதற்குள் அறுவடை முடிந்துவிடும்.

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் ரோட்டில் ஒரு சின்ன ஆராய்ச்சி நிலையம். அதன் மாடியறையில், ஜன்னலோரக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது அவளுடைய தோட்டம். மண் எப்படி, மழை எவ்வளவு, வெயில் எவ்வளவு, எந்த ரகம், நடவு என்றைக்கு என்று அந்த மென்பொருளிடம் சொன்னால் போதும். அது நாள் நாளாகச் செடியை வளர்க்கும். இலை விடும், பூ எடுக்கும், காய்க்கும். கடைசியில் ஏக்கருக்கு இத்தனை டன் என்று ஒரு எண்ணைக் கொண்டுவந்து நீட்டும். இது பிடிக்கவில்லையா, தேதியை மாற்றித் திரும்ப நடலாம். இரண்டாயிரத்து நாற்பதாம் வருஷத்து வெயிலைக் கொடுத்தும் நடலாம். செடி ஒன்றும் சொல்லாது.

ஆனால் வரப்போகும் வருஷத்தைச் சொல்லும் மென்பொருள், போன வருஷத்தையாவது சரியாகச் சொல்லவேண்டும் அல்லவா? அதற்குத்தான் ஹரீஷ்குமார். கெலமங்கலத்துப் பக்கத்து விவசாயி மகன். நிலையத்தின் கள உதவியாளர். மூன்று கோடைகளாக உத்தனப்பள்ளியைச் சுற்றிப் பன்னிரண்டு தோட்டங்களுக்குப் பைக்கில் போய்வருகிறான். ஒவ்வொரு தோட்டத்திலும் எத்தனை பெட்டி தக்காளி வண்டி ஏறியது என்று கேட்டு எழுதுவான். வாராவாரம் ஒரே இடத்தில் நின்று, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, செடியை மேலிருந்து ஒரு போட்டோ எடுப்பான். அந்தப் போட்டோவில் பச்சை எத்தனை சதவீதம் என்று ஒரு ஆப் கணக்குப் போட்டுச் சொல்லும். பச்சை என்றால் இலை. மிச்சமெல்லாம் மண்.

இரண்டு கோடைகளுக்கு மென்பொருள் சொன்னதும் ஹரீஷ் எழுதியதும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிக்கொண்டன. நடுவில் இருந்த கோடைதான் முரண்டு பிடித்தது. மென்பொருள் நல்ல மகசூல் என்றது. ஹரீஷின் கணக்கோ அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. போட்டோக்களிலும் ஏப்ரல் மாதம் பச்சை மளமளவென்று இறங்கியிருந்தது. அது நல்ல வெயில் அடித்த வருஷம். பிரவீனாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. வெயிலில் பூ உதிர்ந்திருக்கிறது, இலை கருகியிருக்கிறது. மென்பொருளுக்குள் ஒரு அளவு உண்டு: ராத்திரிச் சூடு எவ்வளவு ஏறினால் பூ உதிரும் என்பது. அதை இரண்டு டிகிரி கீழே இறக்கினாள். நடுக்கோடை கச்சிதமாக வந்து பொருந்தியது. மற்ற இரண்டும் வெயில் குறைந்த வருஷங்கள். அவை அசையவே இல்லை.

அதே அளவை வைத்து வரப்போகும் கோடைகளை ஓட்டினாள். கோடைத் தக்காளி வருஷா வருஷம் செத்துக்கொண்டே போனது.

நிலையத்தின் தலைவர் அருணா அந்த வரைபடத்தைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை, போட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்தார்.

"இந்த வருஷமும் வெயில் அதிகம்னுதானே ஃபோர்காஸ்ட்?"

"ஆமா மேடம்."

"அப்ப காத்துக்கிட்டு இருக்கறதுல அர்த்தம் இல்ல. மெசேஜ் போட்டுடலாம். இந்தக் கோடைக்குத் தக்காளி வேணாம், ராகியோ அவரையோ போடுங்கன்னு. திங்கக்கிழமை காலையில போகட்டும்."

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் அது. சூளகிரி, ராயக்கோட்டை, உத்தனப்பள்ளி மூன்று பக்கமும் நர்சரிகளில் தக்காளி நாற்று குழித்தட்டுகளில் தயாராக நின்றது. திங்கட்கிழமை மெசேஜ் போனால், அந்த மூன்று பக்கத்திலும் நிலையத்தை நம்புகிற குடும்பங்கள் அந்த நாற்றை வாங்காது. கோடை முழுக்க அவர்கள் கையில் காசு பார்க்கிற பயிர் அது ஒன்றுதான். மெசேஜின் கீழே பேர் போட இடம் இருந்தது. பிரவீனா, ஆராய்ச்சியாளர் என்று அவளே டைப் செய்து வைத்தாள். டைப் செய்துவிட்டு ஒரு தடவை வாசித்தும் பார்த்துக்கொண்டாள். நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம். அடுத்த வாரம் மேலிடத்து ஆய்வுக் கூட்டம் இருந்தது. திட்டத்துக்கு இன்னும் மூன்று வருஷம் உண்டா இல்லையா என்பதை அங்கேதான் சொல்வார்கள். அதற்கான ஸ்லைடில் வைக்க, வெயிலில் கருகின செடி ஒன்றின் போட்டோ தேவைப்பட்டது. பிரவீனா நடுக்கோடையின் ஏப்ரல் போல்டரைத் திறந்தாள். இதுவரைக்கும் அவள் அந்தப் போட்டோக்களைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை; ஆப் சொன்ன சதவீதம் போதுமானதாக இருந்தது.

முதல் போட்டோ திறந்தது. ஒரே சிவப்பு.

கொடியில் சிவப்பு. குச்சியில் கட்டிய கயிற்றுக்குக் கீழே சிவப்பு. தரையில், மண்ணை மூடிய மல்ச்சிங் ஷீட்டின் மேல், பழத்தின் மேல் பழமாகச் சிவப்பு. இலையைக் காணோம் என்று ஆப் சொன்னது உண்மைதான். அதைப் பழம் மூடியிருந்தது. ஆப்புக்குப் பச்சையல்லாத எல்லாமே மண்.

அடுத்ததைத் திறந்தாள். அதுவும் அப்படித்தான். அதற்கடுத்ததில் பழங்களுக்கு நடுவே ஒரு ஆடு நின்று, போனை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

ஹரீஷுக்குப் போன் போட்டாள்.

"எங்க இருக்க?"

"தளியில. மச்சான் வீட்டு விசேஷம். சாப்பாட்டுல ஒக்காந்துட்டேன், சொல்லு."

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஏப்ரல்ல, செடியில அவ்ளோ பழம் இருக்கே."

"ஆமா."

"ஏன் பறிக்கல?"

"ரேட்டு இல்லயே. பறிக்கற கூலிக்கே கட்டல. எல்லாரும் அப்புடியே உட்டுட்டாங்க. ஆடு மாடு மேஞ்சுது." அந்தப் பக்கம் யாரோ அவனிடம் ரசம் வேண்டுமா என்று கன்னடத்தில் கேட்டார்கள். சாகு சாகு, போதும் என்றான். "ஏன், என்னாச்சு?"

"அதை என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீ எங்க கேட்ட? எத்தினி பெட்டி வண்டி ஏறுச்சுன்னு கேக்கச் சொன்னாங்க. ஏறுனத எழுதுனேன். ஏறாதத எப்புடி எழுதறது? அதுக்கு ஷீட்டுல எடமே இல்ல."

"பறிக்காத தோட்டத்துல எதுக்குப் போட்டோ எடுத்த?"

"ஏப்ரல் கடைசி வரைக்கும் எடுக்கணும்னு எழுதியிருந்துச்சு. எடுத்தேன். செருப்பெல்லாம் தக்காளி. வீட்டுக்குள்ளயே உடல எங்கம்மா." இலையை மடித்துவிட்டு, "ஊருக்கே தெரிஞ்ச விஷயம் பிரவீ. ரோட்டுல கொண்டாந்து கொட்டுனாங்க, டிவியில போட்டான். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றான்.

தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தாள். வீட்டுப் பரணில் இருக்கும் தொக்கு ஜாடி ஞாபகத்துக்கு வந்தது.

பிரவீனாவின் அப்பா சாத்தூரிலிருந்து ஓசூருக்குக் கம்பெனி வேலைக்கு வந்தவர். அவளுக்குத் தக்காளி என்றால் உழவர் சந்தையில் பையில் போட்டுத் தருவது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், பரணில் இருந்த பெரிய பீங்கான் ஜாடியைக் காட்டி அம்மா ராஜலட்சுமியிடம் கேட்டாள்.

"அம்மா, இது நிறையத் தொக்கு போட்டோமே, அது எந்த வருஷம்?"

"நீ காலேஜ் முடிச்சு வேலையில்லாம கெடந்தேல்ல, அந்த வருஷம்தான். பெட்டி பெட்டியா சும்மா குடுக்காத குறையாக் குடுத்தாம்ல. மாடி பூராம் வத்தல் போட்டோம். நீதான காக்கா வெரட்டுன. வேற எந்தச் சோலிக்கும் போகாம." அம்மா ஜாடியைப் பார்த்தாள். "இந்த வருசமும் போடணுமா?"

"வேணாம்மா."

நடுக்கோடையின் தக்காளி எங்கே போயிற்று என்று ஒரு மாதமாகக் கம்ப்யூட்டரைக் குடைந்தவள், அதில் ஒரு பகுதியைத் தோசைக்குத் தொட்டுச் சாப்பிட்டிருக்கிறாள். சந்தையில் விலை இறங்கியதை எடுத்துப்போய் வெயிலின் தலையில் கட்டியிருக்கிறாள். இனி வரும் வெயில் வருஷம் ஒவ்வொன்றிலும், அந்த மென்பொருள் உண்மையில் விலைச் சரிவைத்தான் நட்டு வளர்க்கப்போகிறது.

ஆனால் வெயிலும் கொஞ்சம் கெடுத்திருக்கலாம். எவ்வளவு பறிக்காமல் விட்டார்கள் என்று தெரியாமல் அதைப் பிரிக்க வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஹரீஷின் பைக்கில் ஏறி உத்தனப்பள்ளிக்குப் போனாள்.

சம்பங்கியின் தோட்டம் ரோட்டோரத்திலேயே இருந்தது. பன்னிரண்டு தோட்டங்களில் அதுதான் முதலாவது. பாத்தி ஓட்டி, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, மல்ச்சிங் ஷீட் விரித்துத் துளையும் போட்டாயிற்று. துளைகள் காலியாக இருந்தன. சம்பங்கி வேட்டியை மடித்துக் கட்டி வரப்பில் நின்று போனில் யாரிடமோ, "நாளே ஹேள்தினி, நாளே" என்று கன்னடத்தில் நாளைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். போனை வைத்தவர் இவர்களைப் பார்த்தார்.

"நர்சரிக்காரன் மேடம். நாத்து எடுக்கறயா இல்லயான்னு நாலு நாளா உயிர வாங்கறான். திங்கக்கெழம எங்க மேடம் மெசேஜ் போடுவாங்க, அப்பறம் சொல்றேன்னு நிறுத்தி வெச்சிருக்கேன்."

பிரவீனா ஹரீஷைப் பார்த்தாள். ஹரீஷ் சொட்டுநீர்க் குழாயைப் பார்த்தான்.

"நடவேணாம்னு வரும்னு தம்பி சொன்னான். வேணாம்னா வேணாம். இந்த ஷீட்டச் சுருட்டிட்டு ராகி வெதச்சுடுவேன்."

"அண்ணா, அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். ரெண்டு வருஷம் முன்னாடி எவ்ளோ பழம் பறிக்காம விட்டீங்க?"

"அதெல்லாம் யாரு எண்ணுவா?"

"குத்துமதிப்பா."

"நெறைய."

இதை மென்பொருளில் எந்தக் கட்டத்தில் போடுவது என்று பிரவீனா யோசித்துக்கொண்டிருக்கும்போதே, மோட்டார் கொட்டகையிலிருந்து சம்பங்கியின் மனைவி சரோஜம்மாள் வந்தார்.

"என்னா கேக்குது பாப்பா?"

"உட்ட பழம் எத்தினின்னு."

"பாதிக்குப் பாதி உட்டோம்."

"பாதியா? மூணுல ரெண்டு பங்கு உட்டோம்."

"நீ எப்ப வந்து பறிச்ச, உனக்குத் தெரியறதுக்கு? மண்டியில போய் ஒக்காந்துக்குவ."

"எத்தனை பறிப்பு பறிச்சீங்கக்கா?" பிரவீனா இடையில் புகுந்தாள்.

"நாலு."

"மூணு" என்றார் சம்பங்கி.

"நாலு. நாலாவது பறிப்பு யுகாதிக்கு மொத நாள். ஒப்பட்டுப் போளிக்குப் பருப்பு வேக வெச்சுட்டு வந்துதான் பறிச்சேன். பண்டிக முடிஞ்சு ஆளக் கூப்புட்டா, பழம் மண்டிக்குப் போற செலவே வராது, நீ எப்புடிக் கூலி குடுப்பன்னு அவளுங்களே சொல்லிட்டாளுங்க. அன்னியோட நிறுத்துனதுதான்."

சம்பங்கி மனைவி பக்கம் திரும்பினார். "அந்தப் பண்டிகைக்கு ஒப்பட்டு செஞ்சயா?"

"தின்ன வாய்க்கு நெனப்பு இருக்குதா பாரு."

பிரவீனாவுக்கு அது போதும். அந்த யுகாதி என்றைக்கு என்று போனில் பார்த்தாள். நடவு தேதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. மென்பொருளை மொத்த அறுவடை வரைக்கும் ஓட்டாமல், யுகாதிக்கு முந்தின நாளோடு நிறுத்தி, அதுவரைக்கும் பழுத்தது எவ்வளவு என்று பார்த்தால் தீர்ந்தது. லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்து, கொட்டகை நிழலில் மோட்டார் பெட்டிமேல் வைத்தாள். முதலில் இறக்கி வைத்திருந்த அளவோடு ஓட்டினாள். வண்டி ஏறின பெட்டிகளைவிடக் குறைவாக வந்தது. இரண்டு டிகிரியையும் பழையபடி ஏற்றிவிட்டு ஓட்டினாள். ஹரீஷ் எழுதியதோடு ஏறக்குறையப் பொருந்தியது.

"என்னா சொல்லுது?" சரோஜம்மாள் எட்டிப் பார்த்தார்.

"நாலு பறிப்புன்னு சொல்லுதுக்கா."

"அதுக்குத் தெரியுது. இந்தாளுக்குத் தெரியல."

மற்ற தோட்டங்களையும் ஹரீஷ் போனிலேயே விசாரித்தான். சிலருக்கு ஞாபகம் இருந்தது, சிலருக்கு இல்லை. இருந்தவர்கள் எல்லாரும் யுகாதியை ஒட்டியே நிறுத்தியிருந்தார்கள். ஓட்டிப் பார்த்ததில், வெயில் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பிப்ரவரி கடைசிக்கு மேல் நட்டால், பூ எடுக்கிற நேரம் நல்ல வெயிலில் போய் விழுகிறது. அப்போது மகசூல் நன்றாகவே குறைகிறது. அதற்கு முன்னால் இன்றிலிருந்து என்றைக்கு நட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. வரைபடத்தில் அந்த ஆறு வாரமும் மேஜை மாதிரி தட்டையாக இருந்தது.

"அப்ப நடலாமா?" சம்பங்கி கேட்டார்.

"நடலாம்ணா. ஆனா..." பிரவீனா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். "அந்த வருஷம் ஏன் அப்படி ரேட்டு விழுந்துச்சு?"

"அதுக்கு முந்துன கோடையில ரேட்டு ஏறுச்சில்ல. எல்லாருக்கும் ஆச. பொங்கல் முடிஞ்ச மக்யா நாளே மூணு பக்கமும் நட்டுட்டோம். எல்லாப் பழமும் ஒரே நாள்ல ராயக்கோட்ட மண்டிக்கு வந்தா எவன் வாங்குவான்?"

பைக்கில் திரும்பினார்கள். எதிரே நர்சரி வேன்கள் குழித்தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தன. திங்கட்கிழமை காலை அவள் பேர் போட்டு, பயமில்லை, இந்த வாரமே நடுங்கள் என்று மெசேஜ் போனால் என்ன நடக்கும் என்று தெரிந்தது. யுகாதிக்குப் பிறகு மூன்று பக்கமும் சிவந்து கிடக்கும். அதையும் ஹரீஷ் போட்டோ எடுப்பான்.

சாயங்காலம் அருணாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் குக்கர் இரண்டு விசில் விட்டது.

"கிராஃப் ஸ்லைட அப்பவே மேல அனுப்பிட்டேன் பிரவீனா."

"தெரியும் மேடம்."

"இப்ப இத எடுத்துட்டா நம்மகிட்ட என்ன மிச்சம்?"

"பிப்ரவரி கடைசிக்கு மேல நட்டா குறையும். அவ்ளோதான் மேடம்."

"அது நர்சரிக்காரனே சொல்வான்."

"ஆமா மேடம்."

மறுபடியும் விசில். அடுப்பை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"போட்டோவ ஒரு தடவ நீ பாத்திருக்கலாம். நானும் பாத்திருக்கலாம். சரி விடு. மெசேஜ்ல என்ன தேதி போடப்போற?"

"மூணு தேதி மேடம். ராயக்கோட்டை பக்கம் இந்த வாரம். சூளகிரி பக்கம் பிப்ரவரி முதல் வாரம். உத்தனப்பள்ளி பக்கம் மூணாவது வாரம். சாஃப்ட்வேர்படி மூணுக்கும் மகசூல் ஒண்ணுதான். மண்டிக்கு மட்டும் ஒண்ணா வராது."

"மண்டி உன் மாடல்ல இல்லயே."

"இல்ல மேடம். அதான் கையால போட்டேன்."

அருணா லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. இல்லாமலும் இருக்கலாம்.

"இத ரிவ்யூல கேட்டா விளக்கம் நீதான் சொல்லணும். அனுப்பு."

திங்கட்கிழமை காலை மெசேஜ் போனது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக, அவரவர் தேதியோடு. யாருக்கு என்ன தேதி என்பது அடுத்தவருக்குத் தெரியாது என்றுதான் பிரவீனா நினைத்துக்கொண்டிருந்தாள். காலை டீ நேரம் முடிவதற்குள், மூன்று மெசேஜும் மூன்று பக்கமும் சுற்றி வந்துவிட்டன.

முதல் போன் சம்பங்கியிடமிருந்து.

"மேடம், ராயக்கோட்டைக்காரங்களுக்கு இந்த வாரமாம். எங்களுக்கு அடுத்த மாசமா? போட்டோ எடுக்கறதுக்கு எங்க தோட்டம், மொத நடவு அவங்களுக்கா? அங்க உங்க சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லண்ணா. எல்லாரும் ஒண்ணா நட்டா என்னாகும்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க."

"நான் சொன்னது ஊருக்கு மேடம். எனக்கு நாத்து நிக்குதே தட்டுல. அடுத்த மாசம் வரைக்கும் வெச்சா முத்திப் போயிடும், அப்பறம் நட்டாலும் ஒண்ணுதான், நடாட்டியும் ஒண்ணுதான்."

இது பிரவீனாவுக்குத் தோன்றவில்லை. மென்பொருளில் நாற்றுக்கு வயசு உண்டு. ஆனால் ஏற்கெனவே தட்டில் வளர்ந்து நிற்கிற நாற்றை என்ன செய்வது என்று அதில் கேட்க முடியாது.

"அப்ப என்னண்ணா பண்ணலாம்?"

"நான் பண்ணிட்டேன். பாதி நாத்த ராயக்கோட்டையில எம் மச்சானுக்கு ஏத்தி உட்டுட்டேன். அவனுக்குத்தான் இந்த வாரமாச்சே. மிச்சத்த இப்ப நட்டுக்கிட்டு இருக்கோம். மீதித் துளைக்கு அடுத்த மாசம் புது நாத்து சொல்லியாச்சு." பின்னால் சரோஜம்மாளின் குரல் ஏதோ சொன்னது. "ஆங். பாதி உங்க பேச்சு, பாதி எம் பேச்சு. எது ரேட்டு போகுதுன்னு பாத்துக்கலாம்."

ஆய்வுக் கூட்டத்தில் மூன்று வருஷம் கிடைக்கவில்லை. ஒரு வருஷம் கொடுத்தார்கள். முடிவு தெளிவாக இல்லை என்று ஒருவர் சொன்னார். பிரவீனா ஆடு நின்றிருந்த போட்டோவைக் காட்டினாள். அவர் அதை உற்றுப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம், அந்த வருஷம் எங்க வீட்டிலயும் தொக்கு போட்டோம் என்று மட்டும் மெல்லச் சொன்னார்.

அன்று மத்தியானம் நிலையத்துக்கு வந்து, ஹரீஷின் ஷீட்டில் பறிக்காமல் விட்டதற்கு ஒரு கட்டம் சேர்த்தாள். ஹரீஷ் அதைப் பார்த்துவிட்டு, இதை யார் எண்ணுவது என்று கேட்டான். நீதான் என்றாள். செருப்புக்குக் காசு தருவார்களா என்று கேட்டான். அவள் ஷீட்டைப் பிரின்ட் போட்டாள்.

பிறகு கம்ப்யூட்டரில் சம்பங்கியின் தோட்டத்தைத் திறந்தாள். நடவு தேதி என்ற இடத்தில் ஒரே ஒரு தேதிதான் போட முடியும். தோட்டத்தை இரண்டாகப் பிரித்தாள். முதல் பாதிக்குத் திங்கட்கிழமை. இரண்டாவது பாதிக்குத் தேதி தெரியாததால் அதை அப்படியே விட்டுவிட்டு, முதல் பாதியை மட்டும் ஓட்டினாள். டீ வருவதற்குள் பழுத்துவிட்டது.